ஏழு குறை வரைக்கும் பாஸ்

என் மகள் ஆய்வறிக்கையைக் கொடுக்காமலேயே விடுதியைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. அன்றைய டைரியில் நேரத்தை எழுதியிருக்கிறேன். இரண்டு பைகள், ஒரு வாளி, ஒரு லேப்டாப் என்றும் எழுதியிருக்கிறேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதவில்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தாவரவியல் கடைசிப் பருவத்தில் இருந்தாள். மூலனூர்ப் பக்கத்தில் முருங்கை மரங்களில் பூ ஏன் இவ்வளவு உதிர்கிறது என்பது அவளுடைய ஆய்வு. நான்கு தோட்டங்களில் நாற்பது மரங்களுக்கு அடையாள நூல் கட்டி, வாரம் தவறாமல் போய்ப் பூவையும் பிஞ்சையும் எண்ணி வந்தாள். அறிக்கை எண்பத்திரண்டு பக்கம். அவளுடைய பேராசிரியை படித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, பைண்டிங் போட்டுடு" என்று சொல்லியாகிவிட்டது. அதன் பிறகு அவள் அதைப் பதினோரு முறை பிரிண்ட் எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு குறை. கிழித்துப் போட்டுவிட்டு முதலில் இருந்து வாசிப்பாள். கடைசி நாள் மாலை மற்றவர்கள் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனபோது அவள் விடுதி அறையில் பன்னிரண்டாவது முறையாக முதல் பக்கத்தில் இருந்தாள். அடுத்த பருவத்தில் கொடுத்துக்கொள்ளலாம் என்று பேராசிரியை துறையில் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். அதாவது ஆறு மாதம். அதற்குள்ளும் கொடுக்கவில்லை என்றால் பட்டம் இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் என் பங்கு இருப்பதால். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. தைத்து வந்த பீஸை மேசையில் விரித்து, கழுத்து, தோள், கை, ஓரம் என்று ஒரு வரிசையில் பார்ப்போம். ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவோம். சரிசெய்கிறவர் குறையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக. மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்த ஸ்டிக்கர் தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவளுடைய வீட்டுப்பாட நோட்டில் எழுத்து சாய்ந்த இடம், கோடு தாண்டிய இடம், கூட்டல் தப்பிய இடம் எல்லாவற்றிலும் ஒட்டினேன். திட்டியதில்லை. அடித்ததே இல்லை. அம்புக்குறி மட்டும்தான். டீச்சர் அந்த நோட்டை மற்றப் பெற்றோருக்கு எடுத்துக் காட்டினார். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னிடம் ஸ்டிக்கர் கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் நோட்டைத் திறந்தால் நான் பார்ப்பதற்கு முன்பே அம்புக்குறிகள் ஒட்டியிருந்தன. அவளே ஒட்டியிருந்தாள். நான் ஒட்டியிருக்கக்கூடியதைவிட நான்கு அதிகம். "இன்று முதல் எனக்கு வேலை மிச்சம்" என்று அன்று டைரியில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.

விடுதியில் இருந்து வந்தவள் முதல் வாரம் தூங்கினாள். களைப்பு என்று நினைத்தோம். இரண்டாவது வாரமும் தூங்கினாள். தலைக்கு எண்ணெய் இல்லை, குளியல் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். சோம்பல் என்று நான் முடிவு செய்தேன். ஒரு கால அட்டவணை எழுதி அவள் அறைக் கதவில் ஒட்டினேன். ஆறு மணிக்கு எழுவது, ஏழுக்குக் குளிப்பது, எட்டு முதல் பத்து வரை அறிக்கை வேலை. என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்று அதை வாசித்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்பு பனியன் கம்பெனித் தையல் லைனில் மெஷின் ஓட்டியவள்.

"ஏனுங்க, இது நம்ம புள்ளையா, இல்ல ஆறாம் நம்பர் லைனா? மணிக்கு எத்தனை பீஸுன்னு அதையும் எழுதி ஒட்டிப்போடுங்க."

"ஒரு ஒழுங்குக்கு வரட்டும்னுதான்…"

"ஒழுங்கு! ஒழுங்குலதான் இப்படிப் படுத்துக் கெடக்குறா."

அட்டவணையை என் மனைவியே கிழித்தாள். நான் டைரிக்கு மாறினேன். எழுந்தது எத்தனை மணி, இட்லி எத்தனை, பேசிய சொற்கள் எத்தனை என்று தினமும் எழுதினேன். டாக்டரிடம் போகிற நிலை வந்தால் உபயோகப்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதாவது நாள் காலை நான் ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது மகள் மேசை மேல் கிடந்த டைரியை எடுத்துப் புரட்டினாள். அதை நான் ஒருபோதும் பூட்டி வைத்ததில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள்.

"அப்பா, புதன்கிழமை அம்மாகூட உக்காந்து வெங்காயம் உரிச்சனுங்க. ஒரு கிலோ இருக்கும்."

"ஆமா கண்ணு."

"அது இதுல இல்லீங்களே."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். டைரியை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே நேராக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். என் மனைவி அடுப்படியில் இருந்து வந்தாள். "இன்னைக்கு லீவு சொல்லுங்க. டாக்டர்கிட்டப் போறோம். பேச்சு வேண்டாம்" என்றாள்.

மனநல மருத்துவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மகளிடம் தனியாக நாற்பது நிமிடம் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். இது மனச்சோர்வு, நோய்தான், மருந்து உண்டு, வாரம் ஒரு முறை வந்து பேச வேண்டும் என்றார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகே அடுத்ததைச் சொன்னார். காலையில் எழுந்திரிக்காமலேயே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு இரண்டு மாதமாக அவளுக்கு இருக்கிறது. தனியாக விட வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம், அந்த நினைப்பு வந்தால் உடனே சொல்வதாகத் தன்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்றார். என் மனைவி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அறையை விட்டு வெளியே வரும் வரை விடவில்லை.

நான் கேட்டேன்: "எத்தனை நாள்ல சரியாகுமுங்க?"

டாக்டர் சிரித்தார். "உங்க மகளும் இதையேதான் கேட்டா. தேதி போட்டுச் சொல்லுங்கன்னா."

பிறகு அவர் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் எழுதி வைத்தேன். படிப்பு வராத பிள்ளைகள்தான் இப்படி ஆவார்கள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அவரிடம் வருகிற கல்லூரிப் பிள்ளைகளில் பலர் நன்றாகப் படிக்கிறவர்கள். முழுவதும் சரியாக இல்லாத ஒன்று இல்லாததற்குச் சமம் என்று நினைக்கிறவர்கள். ஒரு தப்பு நடந்தால் வேலையில் தப்பு என்று அவர்களால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை, தானே தப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

மருந்து வேலை செய்ய ஐந்து வாரம் ஆனது. முதலில் தூக்கம் ஒரு வரைமுறைக்கு வந்தது. பிறகு ஒரு நாள் தானாகவே தலைக்குக் குளித்தாள். ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டரைக்குக் கம்பெனி வாசலில் இருந்து கூப்பிட்டார்கள். உங்கள் மகள் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்று. இருபத்தாறு வருடத்தில் நான் டிபன் பாக்ஸை மறந்ததில்லை. அன்றும் மறக்கவில்லை. நான் பையில் வைத்ததை என் மனைவி வெளியே எடுத்திருக்கிறாள். "ஐயோ, உங்கப்பா மறந்துட்டுப் போய்ட்டாரே" என்று அவள் நடித்த நடிப்பைப் பிறகு மகள் எனக்கு நடித்துக் காட்டினாள்.

அன்று ஒரு பெரிய லாட்டுக்குக் கடைசி சோதனை. மூவாயிரம் டீ-ஷர்ட். சரக்கை வாங்கும் வெள்ளைக்காரக் கம்பெனி அனுப்பிய இன்ஸ்பெக்டர் காலையிலேயே வந்து மேசையைப் பிடித்திருந்தார். நடுவில் சாப்பிட முடியாது. மகளை எங்கே உட்கார வைப்பது என்று நான் பார்ப்பதற்குள், எங்கள் செக்கிங்கில் நூல் பிசிறு வெட்டும் தூத்துக்குடிக்கார அக்கா பக்கத்து ஸ்டூலைத் தட்டிக் காட்டினார்.

"இங்கன வந்து உக்காரு பிள்ள. ஒங்க அப்பா வாரதுக்கு நேரமாவும். அவரு பாக்குத பார்வைக்குத் துணிகூட நடுங்குதுல்லா."

மகள் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் தானே தேர்ந்தெடுத்த பெட்டிகளைப் பிரித்து, நூற்று இருபத்தைந்து பீஸை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். அம்புக்குறி விழுந்துகொண்டே வந்தது. தோளில் ஊசி ஓட்டை ஒன்று. நெஞ்சில் எண்ணெய்க் கறை இரண்டு. கை நீளம் ஒரு பீஸில் ஏறுமாறு. எழுபதாவது பீஸ் தாண்டும்போது பெரிய குறை ஐந்து. நூறு தாண்டி இன்னொன்று, ஆறு. அதோடு நின்றது. சின்னக் குறை ஒன்பது. இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கை கொடுத்தார். பாஸ். நான் அவருக்கு டீ சொல்லிவிட்டுத் திரும்பினால் மகள் பின்னால் நின்றிருந்தாள்.

"அப்பா, ஆறு பெரிய குறை வந்துச்சுங்களே."

"ஆமா கண்ணு."

"பாஸுன்னு போட்டுட்டாங்க?"

"ஏழு வரைக்கும் பாஸ். எட்டு வந்தாத்தான் ரிஜெக்ட்."

"சின்னக் குறை?"

"பத்து வரைக்கும்."

"அப்ப பிரிக்காத ரெண்டாயிரத்து எண்ணூத்தி எழுபத்தஞ்சு பீஸ்ல?"

"அதுலயும் இருக்கும். இருக்கும்னு அவங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னா திருப்பூர்ல இருந்து ஒரு பெட்டி கப்பலேறாது."

இதை நான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிற தோரணையில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அவள் மேசையில் கிடந்த அம்புக்குறித் தாளைக் கையில் எடுத்தாள்.

"எனக்கு எத்தனை உட்டீங்க?"

பிசிறு வெட்டும் கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா தலை குனிந்தபடியே இருந்தார். நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். உன் நல்லதுக்கு, படிப்பு வேறு துணி வேறு, அந்த மாதிரி ஏதாவது. அவள் பொறுமையாகப் பதிலுக்குக் காத்திருந்தாள். உண்மையிலேயே எண்ணிக்கை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல.

"ஒண்ணுகூட உட்டதில்ல சாமி. தப்புப் பண்ணிப்போட்டேன்."

அவள் கண் நிறைந்தது. அதே நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அவளிடம் நான் கேட்ட முதல் சிரிப்பு, மூக்குறிஞ்சலோடு.

"உங்களுக்கு வெள்ளக்காரனே பரவால்லீங்கப்பா."

"அப்படிக் கேளு பிள்ள!" என்றார் அக்கா. கத்தரி மறுபடி ஓடத் தொடங்கியது.

ஒரு மதிய நேரத்துப் பேச்சில் நோய் போய்விட்டது என்று யாராவது நினைத்துவிடக் கூடாது. மருந்து தொடர்ந்தது. அதற்கு அடுத்த வாரமே மூன்று நாள் படுக்கையில் இருந்தாள். ஆனால் டாக்டரிடம் அந்த ஏழு, பத்துக் கணக்கைப் பற்றி அவளே சொல்லியிருக்கிறாள். அவர், உன் அறிக்கைக்கு அப்படி ஒரு பட்டியல் நீயே போட்டுக்கொள்ளேன் என்றாராம். போட்டாள். எண்ணிக்கை தவறாகி அதனால் முடிவே மாறினால் பெரிய குறை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் பெரிய குறை. எழுத்துப்பிழை, இடைவெளி, படத்தின் எண் இவையெல்லாம் சின்னக் குறை. என்னிடம் யோசனை கேட்கவில்லை.

தினமும் ஒரு மணி நேரம் லேப்டாப்பைத் திறந்தாள். ஓர் அத்தியாயத்தை இரண்டு முறைதான் வாசிக்க வேண்டும், மூன்றாவது முறை கிடையாது என்று அவளே விதி வைத்தாள். தன்னால் நிறுத்த முடியாது என்று தெரிந்து அம்மாவைக் காவலுக்கு வைத்துக்கொண்டாள். என்னை வைக்கவில்லை. அதிலும் அவள் கணக்குச் சரிதான். என் மனைவி கரண்டியோடு வருவாள்.

"ரெண்டாவது தடவ ஆச்சா?"

"ஒரே ஒரு பாரா மட்டும்மா…"

"மூடு. மூலனூரு முருங்கக்காயக்கூட இத்தன தடவ யாரும் வேக வெச்சிருக்க மாட்டாங்க."

லேப்டாப் அரிசி டின்னுக்கு மேலே போய்விடும். முதலில் அதற்காக அழுதாள். ஒரு மாதம் கழித்து, எடுத்து மேலே வைக்கச் சொல்லி அவளே அம்மாவைக் கூப்பிட்டாள்.

கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. மாலை நான்கு மணிக்குள். நானும் அவளும் காலையிலேயே பல்லடம் வழியாகப் போகும் பஸ்ஸில் கிளம்பினோம். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கும் பைண்டிங் கடையில் மூன்று பிரதிகள் தயாராக இருந்தன. நீல அட்டை, தங்க எழுத்து. கடைக்காரர் ஒன்றை என் கையில் கொடுத்தார். வேறு எதையோ நினைத்துக்கொண்டுதான் புரட்டினேன். ஆனால் கை பழகிய கை. நாற்பத்தேழாம் பக்கத்தில் படம் 7. நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் வேறொரு படம், அதற்கும் படம் 7.

மணி பதினொன்று நாற்பது. நேரம் இருக்கிறது, அதுதான் சங்கடம். இரண்டு பக்கத்தை மாற்றிப் பிரித்துக் கட்ட ஒரு மணி நேரம் போதும். சொன்னால் சரியாகிவிடும். ஆனால் சொன்னால் அவள் மற்ற எண்பது பக்கத்தையும் இங்கேயே நின்று வாசிப்பாளா, நான்கு மணி தாண்டுமா என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டு, வேறு யாராவது சொன்னால் அவளுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியாது. புத்தகத்தை மூடினேன். அட்டை மேல் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

"பாத்துட்டீங்க" என்றாள்.

"எதைக் கண்ணு?"

"படம் ஏழு. உங்க மூஞ்சிதான் சொல்லுதுங்களே."

நான் அட்டையை மறுபடி துடைத்தேன்.

"நான் நேத்தே பாத்துட்டனுங்க. பாத்துட்டுத்தான் பிரிண்டுக்கு அனுப்புனேன்."

"ஏன் சாமி?"

"சின்னக் குறை. இன்னும் நாலு இருக்குது. எங்கன்னு சொல்ல மாட்டேன், நீங்க தேடக்கூடாது."

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்தோணும்னா சொல்லும்மா, சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்."

அவள் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றியிருந்தன. நகம் வெளுத்திருந்தது. "வேண்டாங்கண்ணா, இருக்கட்டும்" என்றாள். மூன்று பிரதிகளையும் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். நான் மரத்தடியில் நின்றேன். இருபது நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நடந்து வருகையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து வாய்மொழித் தேர்வு. இந்த முறை என் மனைவியும் வந்தாள். நானும் அவளும் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு முழுவதும் சாத்தவில்லை. வெளியூரில் இருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு பேராசிரியை, கணீரென்ற குரல்.

"பூ உதிர்றதுக்குக் காரணம் எல்லாம் சரி. நீங்க பூ எண்ணுன அந்த ரெண்டு மாசம் மழை எவ்வளவுன்னு ஒரு இடத்துலகூட இல்லையே?"

அது படம் ஏழு அல்ல. அது பெரிய குறை என்று தாவரவியல் தெரியாத எனக்கே தெரிந்தது. நான் எழுந்துவிட்டேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சேர்த்திருக்கணும் மேடம்" என்றாள் மகள். "நான் யோசிக்கலை. அது பெரிய குறைதான்."

"அப்ப உங்க முடிவு தப்புன்னு வெச்சுக்கலாமா?"

என் மனைவி என் சட்டையை இன்னும் விடவில்லை.

"தப்பில்லைங்க மேடம். முழுசு இல்லை."

"என்ன சொல்றா?" என்று மனைவி என் காதில் கேட்டாள்.

"குறை இருக்குதுன்னு ஒத்துக்கறா."

"நம்மூட்டுப் புள்ளையா அது?" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே தேர்வாளர் சிரிப்பது கேட்டது. அதன் பிறகு கேள்விகள் வேகமாக வந்தன, பதில்களும் வேகமாகப் போயின. இரண்டு இடத்தில் "தெரியலைங்க" என்றாள். ஓர் இடத்தில், "இல்லைங்க மேடம், அந்த மரத்தை நானே பாத்தேன்" என்று அடித்துப் பேசினாள். முப்பத்தைந்து நிமிடம். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது கையில் இருந்த இரண்டு தாள்களைக் கொடிபோல ஆட்டினாள்.

"பாஸ்! ரெண்டு பக்கம் திருத்தம் குடுத்திருக்காங்க. மழைக் கணக்கைச் சேர்த்து அனுப்பச் சொன்னாங்க."

"திருத்தத்துக்கா இத்தனை இளிப்பு?" என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் காத்திருந்த மற்றப் பிள்ளைகள் கை தட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நானும் தட்டினேன்.

வகுப்பில் அவள் முதல் இடம் இல்லை. நான்காவது. மருந்து இன்னும் ஒரு வேளை இருக்கிறது, அதையும் குறைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திருத்திய அறிக்கையை அவள் தேர்வுக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அனுப்பினாள். அனுப்பும் முன் என்னிடம் காட்டவில்லை.